மிளகுக் கொடிக்குப் பின்னால் நின்ற வெயில்

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த குண்டூர் நாட்டில், வடக்குச் சரிவில் எங்கள் வீடு இருக்கிறது. வீட்டுக்குப் பின்புறம் படிப்படியாக இறங்கும் சிறு நிலம்தான் என் பூந்தோட்டம். விடியலில் இறைவனுக்குச் சாத்தும் மலர்களை நான் விலைக்கு வாங்கியதில்லை. என் கையால் நட்டு, நீர் வார்த்து, என் கையால் பறித்தவற்றையே சாத்தி வந்திருக்கிறேன். நோன்பு என்று பெயரிட்டுத் தொடங்கிய வழக்கமன்று இது. பழகிப் பழகி, இனி விட முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டது.

வடக்கு நோக்கிய தோட்டத்தில் பூ வளர்ப்பவன் ஆண்டில் பாதியைப் போர்க்களத்தில் கழிக்கிறான். வைகாசியிலும் ஆனியிலும் சூரியன் கூரையைத் தாண்டி வடக்கே வந்து நிற்கும். அப்போது வெயில் தேவைக்கு மேல் கிடைக்கும். ஐப்பசி பிறந்ததும் அது தெற்கே பின்வாங்கும். அது விட்டுச் சென்ற இடத்தில் நிழல் படையெடுத்து வரும். முதலில் சுவரோரத்துத் துளசியைப் பிடிக்கும், பிறகு நந்தியாவட்டையை, கார்த்திகை முடிவதற்குள் செவ்வந்திப் பாத்தியின் கழுத்தில் கால் வைத்து நிற்கும். காலை முழுவதும் பனிமூட்டம். அது கிழிந்து விலகும்போது நண்பகலாகிவிடும். அதன் பின் தென்மேற்கிலிருந்து சாய்ந்து விழும் வெயில் ஒன்றே மார்கழியில் என் செடிகளுக்குக் கிடைக்கும் உணவு.

அந்த உணவைச் சிந்தாமல் ஊட்ட நான் செய்யாத வேலை இல்லை. நிழலைத் தாங்குவனவற்றைச் சுவரருகே நட்டேன். தாங்காதவற்றைக் கீழ்ப்படிகளுக்கு மாற்றினேன். தோட்டத்தின் வடக்கு எல்லையில் கிடந்த பாறைக்குச் சுண்ணாம்பு அடித்து, அதில் பட்ட ஒளி திரும்பிச் செடிகள்மேல் விழுமாறு செய்தேன். ஒரு செடி மற்றொன்றின் வெயிலை மறைத்தால் தயங்காமல் வெட்டினேன். காலையில் திருப்பாடல்களை உருகிப் பாடிவிட்டு, அந்த ஈரம் காய்வதற்குள் கவாத்துக் கத்தியை எடுக்கிறேனே என்று என்னிடம் வியந்தவர்கள் உண்டு. நான் பாடும் இறைவன் மழு ஏந்தியவன். ஊர்கள் மூன்றைச் சிரித்தே எரித்தவன். யானையை உரித்து, உதிரம் சொட்டும் தோலைப் போர்த்துக்கொண்டவன். அவனுடைய அருளை வெறும் தண்ணிலவாக மட்டும் எண்ணிக்கொள்பவர்கள் பாடல்களில் பாதியைப் படிக்காதவர்கள்.

தென்மேற்கு மூலையில், எங்களுக்கு மேலே இருக்கும் வரப்பில், என் தங்கையின் கணவருடைய சில்வர் ஓக் மரங்கள் நின்றன. அவற்றில் மிளகுக் கொடி ஏற்றியிருந்தார். நட்டபோது முழங்கால் உயரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வானத்தைத் தொட்டுவிட்டன. மார்கழி வெயில் வரும் ஒரே வாசலில் அவை காவலாளிகளைப் போல நின்றன. செவ்வந்தி மொட்டுகள் விரியாமலே கறுத்து உதிரத் தொடங்கின.

கிளைகளைக் கழித்துக் கவாத்து அடித்துத் தருமாறு ஒரு கார்த்திகையில் அவரிடம் கேட்டேன். அவர் தலையிலடித்துக்கொண்டார்.

"ஏனுங்க மச்சான், வெளையாடறீங்களா? கொடியில மொளகு பால் புடிச்சு நிக்குது. இப்பப் போயி எவனாச்சும் கொம்பு கழிப்பானுங்களா? வைகாசி வரட்டும். மொட்டையே அடிச்சு வுட்டர்றேன்."

"வைகாசியில் எனக்கு எதற்கு மாப்பிள்ளை? அப்போது சூரியன் இந்தப் பக்கம்தானே இருக்கிறது?"

"சூரியனுக்குத் தக்கன எங்கப்பன் கவாத்து அடிக்கலீங்க. மழைக்குத் தக்கன அடிச்சாரு."

சொன்ன சொல் தவறாதவர். வைகாசி பிறந்ததும் மரங்களை மழித்தார். வெயில் ஏற்கெனவே கொட்டிக் கிடந்த என் தோட்டத்தில் மேலும் வெயில் கொட்டியது; துளசி கருகியது. மழை வந்ததும் மழித்த இடத்தில் கிளைகள் முன்னிலும் அடர்ந்து கிளம்பின. மார்கழியில் இருட்டு இரட்டிப்பானது. ஆண்டுதோறும் இதையே செய்தார்; ஆண்டுதோறும் "மச்சானுக்காவ மொட்டையடிச்சேன்" என்று ஊரெல்லாம் சொன்னார். மலையில் மிளகு போட்டவர் எவரும் இதைத் தவறென்று சொல்ல மாட்டார்.

என் தம்பி லாரி ஓட்டுபவன். கோபமும் சிரிப்பும் ஒரே வேகத்தில் வருபவன். கறுத்த மொட்டுகளை நான் பொறுக்குவதைக் கண்டு, அடுத்த முறை வரும்போது லாரியிலிருந்து பளபளக்கும் அலுமினியத் தகடு ஒன்றை இறக்கினான். தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் ஓரடி அகலத்துக்கு மட்டும் வெயில் விழும். அங்கே கவையான கம்புகளை ஊன்றித் தகட்டை நிறுத்தினான். அது அந்த வெயிலை அடித்துத் திருப்பிப் பாத்திக்குள் எறிந்தது. செவ்வந்திகள் தலை தூக்கின. மார்கழியில் மஞ்சள் மலர் சாத்தினேன்.

தைப் பிறப்பை ஒட்டி மிளகுப் பறிப்புத் தொடங்கியது. மாப்பிள்ளை ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு நடுமரத்தில் பறித்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே, உச்சிக் கிளையில், மலைத்தேனீக் கூடு ஒன்று முறம் போலத் தொங்கியது. அவை அங்கே இருப்பதும், அவர் கீழே பறிப்பதும் யாருக்கும் புதிதன்று. அசைக்காத வரை அவை எதுவும் செய்வதில்லை.

மச்சான் முறையில் கேலி செய்யாவிட்டால் எங்கள் பக்கம் உறவே இல்லை. தம்பி தகட்டைப் பிடித்துச் சாய்த்து, ஒளியை அவர் முகத்தில் அடித்தான்.

"மச்சான், உங்க மூஞ்சிக்குக் கொஞ்சம் வெளிச்சம் போட்டுப் பாக்கறனுங்க! அப்பவாச்சும் தேறுதான்னு!"

"டேய் மாப்ள, எறங்கி வந்தன்னா உன் பல்லப் பேத்துப்புடுவேன்! லாரிக்காரனுக்கு லைட்டப் போடத்தான் தெரியும், அணைக்கத் தெரியாது!"

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாப்பிள்ளை முகத்தைத் திருப்பி ஒளியிலிருந்து தப்பினார். தம்பி அவரைத் துரத்தித் தகட்டை இன்னும் சற்று மேலே சாய்த்தான். அந்த வெள்ளை வெளிச்சம் அவர் தலையைத் தாண்டி ஏறிக் கூட்டின்மேல் விழுந்து நின்றது.

கூடு கொதித்தது. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஓர் அலை அதன் மேல்புறத்திலிருந்து கீழ்வரை ஓடியது. பிறகு தேனீக்கள் கிளையை விட்டுக் கழன்று கறுப்பாய் அவர்மேல் கொட்டின. ஏணியைப் பற்றிய கையை விட்டால் விழுவார். விடாவிட்டால் முகத்தைக் காக்க முடியாது. கையை விட்டார். கொடிகளைப் பிய்த்துக்கொண்டு, மிளகுச் சரங்களோடு உருண்டு தரையில் விழுந்தார். எழுந்து ஓட முயன்றார், கால் மடங்கியது. கண்ணிலும் காதிலும் திறந்த வாயிலும் தேனீக்கள் புகுந்தன. மனிதக் குரல் அப்படி ஒலிக்கக்கூடும் என்று நான் அதுவரை அறிந்ததில்லை.

தம்பி கம்பளியைப் போர்த்துக்கொண்டு பாய்ந்து, அவர்மேல் கவிழ்ந்து படுத்தான். நான் காய்ந்த சருகைக் கூட்டித் தீ மூட்டிப் புகை எழுப்பினேன். என் கைகளிலும் கொட்டின. புகைக்குள் அவரை இழுத்து வந்தோம். முகம் என்று சொல்ல எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. வீங்கிய சதையில் கொடுக்குகள் முள்முள்ளாய் நின்றன. அவற்றைக் கவாத்துக் கத்தியின் விளிம்பால் சுரண்டி எடுத்தேன். இமை எது, கன்னம் எது என்று தெரியவில்லை. உதடு தன்னிச்சையாக எதையோ பாடிக்கொண்டிருந்தது.

ஊர்க்காரர்கள் வேன் ஒன்றில் தூக்கிப் போட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கி, நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் தங்கியது. கால் எலும்பு முறிந்திருந்தது. இடது கண்ணில் பார்வை திரும்பாது என்றார்கள்.

மாற்றுத்துணி எடுக்க மலையேறி வந்த தங்கை தன் வீட்டுக்குள் போகவில்லை. வரப்பு இறங்கி நேரே என் தோட்டத்துக்கு வந்தாள்; கையில் திண்ணையோரம் கிடந்த அரிவாள். முதல் வெட்டு தகட்டின்மேல் விழுந்தது. தகடு அலறியது. அது கிழிந்து சுருளும் வரை வெட்டினாள். பிறகு செவ்வந்திப் பாத்தியில் இறங்கினாள். பூவும் தண்டும் மண்ணும் பறந்தன. நான் தடுக்கவில்லை.

"உங்க சாமிக்குப் பூவு வேணும்னா எங்கூட்டுக்காரரு கண்ணு போகோணுமா? சொல்லுங்கண்ணா! பாட்டெல்லாம் படிச்சிருக்கீங்கள்ள, சொல்லுங்க!"

இறைவனுக்குக் கண்ணைக் கொடுத்த பக்தியை எத்தனையோ காலைகளில் நாவினிக்கப் பாடியவன் நான்.

தம்பி வந்து அவள் முன்னே மண்டியிட்டான். "அக்கா, நாந்தான் பண்ணுனேன். அண்ணன ஒண்ணுஞ் சொல்லாத. என்னைய வெட்டு."

அரிவாளின் மட்டப்பக்கத்தால் அவன் தோளில் ஓங்கி அடித்தாள். இன்னொன்று. மூன்றாவது ஓங்கியது அப்படியே நின்றது.

"உன்னைய வெட்டிப்போட்டா மொளகு பறிக்கறது ஆருடா? போ. போய் ஏணியில ஏறு."

ஏறினான். லாரிக்குப் போகாமல் மாசி வரை பறித்தான். கலைந்த கூடு அங்கேயே மீண்டும் கூடியிருந்தது. அதைப் பார்க்காமல், மூச்சை அடக்கிப் பறித்தான். தங்கை அவனுக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

மாப்பிள்ளை ஊன்றுகோலோடு வீடு திரும்பினார். பார்க்கப் போன எங்களைக் கண்டு தம்பி பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"வா மாப்ள. இனிமே எடதுபக்கம் எனக்கு எப்பவும் நெழலுதான். மச்சான் தோட்டம் மாதிரி."

தம்பி வெளியே போய் அழுதான். நான் அன்றே முடிவு செய்தேன்: வெயிலைப் பற்றி இனி அந்த வீட்டில் வாய் திறப்பதில்லை. அடுத்த ஐப்பசியில் நிழல் இறங்கியபோது பாத்தியைச் செப்பனிட்டு மீண்டும் செவ்வந்தி நட்டேன். பூக்குமென்ற நம்பிக்கையால் அல்ல, கை சும்மா இருக்கவில்லை. மொட்டுகள் கறுத்தன. வில்வ இலையை மட்டும் சாத்தினேன். அதுவே போதும் என்று நூல்கள் சொல்லும், எனக்குப் போதவில்லை.

மழைக்கு இடம்பெயர்ந்திருந்த தேனீக்கள் கார்த்திகையில் அதே மரத்துக்கு, அதே கிளைக்குத் திரும்பி வந்தன. காற்று இல்லாத நேரத்தில் அவற்றின் ரீங்காரம் எங்கள் வீட்டுக்கே கேட்கும். அதைக் கேட்டு மாப்பிள்ளை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து நடுங்குவதாகத் தம்பி வந்து சொன்னான்.

மறுநாள் பொழுது சாயும் வேளையில் தங்கை நீண்ட மூங்கிலின் நுனியில் எண்ணெய்ப் பந்தத்தைக் கட்டி, கம்பளியால் தன்னை மூடிக்கொண்டு, தானே மரத்தடிக்குப் போனாள். கூடு பற்றி எரிந்தது. எரியும் தேனீக்கள் தீப்பொறிகளாய் என் தோட்டத்தில் உதிர்ந்தன. ஊர் எரித்தவனைப் பாடியிருக்கிறேன். எரிந்த ஊருக்குள் இருந்தவர்களை அன்றுதான் நினைத்தேன்.

விடிந்ததும் கோடரிச் சத்தம் கேட்டது. நான் வரப்பேறிப் போனேன். நடுமரத்தின் அடியில் தங்கை கோடரியை வீசிக்கொண்டிருந்தாள். கொடியில் மிளகு பச்சைச் சரங்களாய்க் காய்த்துத் தொங்கியது. தம்பி மேற்கே நின்று, மரம் மாப்பிள்ளையின் காட்டுப் பக்கம் விழுமாறு கயிற்றை இழுத்துப் பிடித்திருந்தான். மாப்பிள்ளை கட்டிலைத் தூக்கி வரச்செய்து அதில் அமர்ந்திருந்தார்.

"அம்மிணி, வேண்டாம். காய்ப்போடு இருக்கிற மரம்" என்றேன்.

"இது உங்களுக்காவ இல்லீங்கண்ணா. அதுக இனி இங்க வந்து ஒக்காரக் கூடாது. தள்ளி நில்லுங்க."

"புள்ள, கொடி பூராவும் வடக்கால கெடக்குது!" என்று மாப்பிள்ளை கத்தினார். "பாரம் அந்தப்பக்கம் இழுக்கும்! மாப்ள, கயித்த வுட்றாத!"

வெயில் சுடக்கூடாதென்று மரத்தின் வடக்கு முகத்தில்தான் மிளகு நடுவார்கள். அத்தனை ஆண்டுக் கொடியின் பாரமும் என் தோட்டத்தை நோக்கியே தொங்கியது. அடிமரம் வெடித்தது. கயிறு தம்பியின் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு ஓடியது. மரம் ஒரு கணம் நின்று, திரும்பி, எங்கள் கூரையின் ஓரத்தைச் சிதறடித்துக்கொண்டு தோட்டத்தில் விழுந்தது. நந்தியாவட்டை நசுங்கியது, வில்வத்தின் ஒரு பக்கம் பிளந்தது, செவ்வந்திப் பாத்தி கொடிக்கு அடியில் காணாமல் போயிற்று. ஓட்டுத் தூள் புகையாக எழுந்து அடங்கியது.

அன்றைக்குப் பனி சீக்கிரமே விலகியிருந்தது. நண்பகல் சாய்ந்தபோது, மரம் நின்ற வெற்றிடத்தின் வழியே வெயில் தடையின்றி இறங்கியது. பாதை திறந்ததும் பாயும் வெள்ளம் போலச் சுவரிலும் பாறையிலும் சிதைந்த செடிகளிலும் அடித்தது.

தங்கை கோடரியை ஊன்றிக்கொண்டு வரப்பின்மேல் நின்றாள்.

"இந்தாங்கண்ணா வெயிலு. பத்துமா?"

நான் பதில் சொல்வதற்குள் மேலேயிருந்து மாப்பிள்ளையின் குரல் வந்தது. "அங்க என்ன பேச்சு? கொடி வாடறதுக்குள்ள மொளகப் பறிங்க! மிதிக்காதீங்க மச்சான், உங்க காலுக்கடியில நல்ல சரமுங்க!"

பறித்தோம். தங்கை ஒருபுறம், நான் ஒருபுறம். தம்பி துணி சுற்றிய கைகளால் சாக்கை விரித்துப் பிடித்தான். "கையக் காட்டுடா" என்றாள் தங்கை அவனிடம்; கடந்த தைக்குப் பிறகு அவனோடு முதன்முதலாகப் பேசியது அதுதான். கொடியை விலக்க விலக்க, அடியில் செவ்வந்தித் தண்டுகள் ஒடிந்து கிடந்தன. வெயில் என் பிடரியில் ஏறி அறைந்தது. கண் கூசியது. சற்றுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன்.

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். "இப்பத்தான் வந்துச்சு. அதுக்குள்ள மூடிக்கறீங்களா?"

துண்டை எடுத்துவிட்டுப் பறித்தேன்.