பேஸ் மாற்றிய கை

மும்தாஜ் அக்காவின் கணினியைக் கொன்றவன் நான். பழியை அவர் சுமந்தார். சுமக்கட்டும் என்று விட்டவனும் நானே.

அப்போது நான் காரைக்குடியில் ஒரு நாளிதழின் நிருபர். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டின் கடைசி மாதங்கள். இரண்டாயிரம் பிறந்தால் பழைய கணினிகள் தேதி தெரியாமல் தடுமாறும் என்று செய்தி எழுதியிருந்தேன். எழுதியதோடு நின்றிருக்கலாம்... நின்றேனா?

அக்காவின் கடை செக்காலை ரோட்டில். ஒரு கணினி, ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் இயந்திரம். கல்யாணப் பத்திரிகைகளும் மாணவர்களின் ஆய்வேடுகளும் அடித்துக் கொடுப்பார். கணவர் சவுதியில் இருந்தார். ஒரு வருடம் நடத்திப் பார், சரிப்படாவிட்டால் மூடிவிடு என்று அரை மனதாகச் சம்மதித்திருந்தார்.

"ரெண்டாயிரம் பொறந்தா இதுக்கு வருசம் மறந்துருமாக்கும்? எங்க மாமியாவுக்கும்தான் மறந்துபோச்சு. நல்லாத்தானே இருக்காக!" என்று அக்கா சிரித்தார்.

நான் விடவில்லை. பயாஸைப் புதுப்பித்தால் போதும் என்றேன். கணினி விழித்ததும் முதலில் படிக்கும் கட்டளைகள் அவை. மதர்போர்டில் ஒரு சிறு சிப்பில் இருக்கும். பழையதை அழித்துப் புதியதை எழுதவேண்டும். எழுதும்போது மின்சாரம் ஒரு நொடி போனாலும் கணினி மறுபடி விழிக்காது.

எனக்கு அது முதல் முறை. கவனமாகவே இருந்தேன். பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்து, போர்டின் எண்ணைப் புதிய பயாஸ் ஃபைலின் எண்ணோடு ஒப்பிட்டேன். பழைய பயாஸை ஒரு ஃபிளாப்பியில் எடுத்துவைத்தேன். கரண்ட் ஆபீசுக்குப் போன் செய்து, இன்று மின்நிறுத்தம் இல்லை என்று உறுதி செய்துகொண்டேன். எல்லாவற்றையும் சரிபார்த்தேன்... என் கையைத் தவிர!

எழுதத் தொடங்கியது. திரையில் கோடு மெல்ல நீண்டது. அந்நேரம் ரேஷன் கார்டோடு ஒருவர் வந்தார். அக்கா ஜெராக்ஸைப் போட்டார். குண்டு பல்பு மங்கியது.

உங்கள் வீட்டுச் சுவரிலும் இருந்திருக்கும், அந்தப் பேஸ் மாற்றும் சுவிட்ச். மூன்று லைனில் எதில் வோல்டேஜ் நன்றாக வருகிறதோ அதற்குத் திருப்புவோம். திருப்பும்போது ஒரு நொடி கரண்ட் அறுந்துதான் வரும். பல்பு மங்கினால் எங்கள் ஊரில் யாரும் யோசிப்பதில்லை. கை தானாகப் போகும். அது என் தலைக்கு மேலேயே இருந்தது. திருப்பினேன்.

பல்பு பளிச்சென்று எரிந்தது. திரை இருண்டது.

மீண்டும் மீண்டும் போட்டேன். ஃபேன் மட்டும் சுற்றியது. எடுத்துவைத்த ஃபிளாப்பி கையில்தான் இருந்தது. அதைப் படிக்கக் கணினி விழிக்கவேண்டுமே!

"என்னம்மா, பெட்டி மயக்கம் போட்டிருச்சா? சோடா கீடா தெளிங்க" என்றார் ரேஷன் கார்டுக்காரர்.

அக்கா சிரிக்கவில்லை. அவர் முதுகு காட்டி நின்றிருந்தார். என் கையைப் பார்க்கவில்லை.

"நான் ஜெராக்ஸப் போட்டதாலயா தம்பி? போடக் கூடாதுன்னு நீங்க சொல்லலையே..."

"ஆமாக்கா, அதனாலதான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? விசாரிக்காமல் ஒரு வரியும் அச்சுக்கு அனுப்பாதவன் நான். பொய் என்று தெரிந்தே அதைச் சொன்னேன்.

மதுரைக்குக் கொண்டுபோனேன். போர்டையே மாற்றவேண்டும் என்றார்கள். நானே வாங்கிக் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் ஏன் என்று கேட்பார்களே... அந்தப் பயம்.

எஸ்.டி.டி. பூத்தில் அக்கா சவுதிக்குப் பேசியபோது வெளியே நின்றேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. "நாந்தான் பாக்காமப் போட்டுட்டேன்... ஆமா, நாந்தான்..." என்பது மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது.

ஆண்டு முடியுமுன் அக்கா கடையை மூடிவிட்டார். இரண்டாயிரம் பிறந்தது. எனக்குத் தெரிந்து ஊரில் வேறெந்தக் கணினிக்கும் ஒன்றும் ஆகவில்லை!

சில ஆண்டுகள் கழித்து, என் கல்யாணப் பத்திரிகை கொடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் ஊருக்குத் திரும்பியிருந்தார். டிவி ஓடிக்கொண்டிருந்தது. அடுக்களையிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார்.

"டிவி ஓடுது. மிக்ஸியப் போடலாமா?"

"பாருங்க தம்பி, ஒரு மிசினக் கொன்னுட்டு இன்னமும் கேட்டுக்கிட்டுத்தான் சுவிட்சத் தொடுறா!" என்று கணவர் சிரித்தார்.

அக்கா என்னைப் பார்த்தார். விவரம் தெரிந்தவன் நான் அல்லவா! அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்...

"போடுங்கக்கா" என்றேன்.

மிக்ஸி ஓடத் தொடங்கியது. அதற்குமேல் நான் எதுவும் சொல்லவில்லை. இன்றுவரை.