ஓதம் ஏறிய சுவரும் ஒரு சொம்புத் தண்ணீரும்

ஈரச் சாக்கை மூலையில் சுருட்டிப் போட்டு மறந்துவிட்டால் நாலைந்து நாளில் ஒரு வாடை எழுமே, மண்ணும் புளிப்பும் கலந்து, மூக்கில் ஏறும் முன்பே தொண்டையைப் பிடித்துக்கொள்கிற வாடை, அதுதான் எனக்கு ஐப்பசி மாதத்தின் வாடை. ஐம்பதுகளில் மாமல்லபுரத்தில், கலங்கரை விளக்கத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் நாட்டு ஓட்டு வீட்டில், மழை பிடித்துப் பத்து நாள் ஆனதும் உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து சுவர்கள் வியர்க்கத் தொடங்கிவிடும். "ஓதம் ஏறிடுச்சு" என்பார்கள். ஓதம் ஏறினால் அடுத்தது "பூசணம்". செருப்பு, மரப்பெட்டி, முறம் என்று ஒன்று விடாமல் சாம்பல் நிறப் பொட்டுகளாகப் பூத்து, துடைக்காமல் விட்டால் கறுத்துப்போகும்.

எனக்கு எட்டு வயதான வருஷம் அது உள்ளறைச் சுவரில் பூத்தது. அந்த அறையில்தான் முந்தைய கோடையில் அம்மா காய்ச்சலில் கிடந்து இறந்துபோனாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று நாள் முழுக்கச் சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்ததால், அவள் தலை பட்ட இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாகப் படிந்திருந்தது. பூசணம் முதலில் அந்த வட்டத்தைத்தான் பிடித்தது. பிறகு கீழே இறங்கி, இரண்டு தோள்களைப் போல அகன்றது.

தபால்காரரான என் அப்பாவை நாங்கள் "நைனா" என்று கூப்பிடுவோம். காலையில் சைக்கிளில் கிளம்பினால் குப்பம் குப்பமாகச் சுற்றிவிட்டு இருட்டுகிற வேளைக்குத்தான் திரும்புவார். ஆறு மாதம்கூட ஆகாத கைக்குழந்தையான தம்பி சேகரையும் என்னையும் தனியாக வளர்க்க முடியாமல், அந்த ஆவணியில் கருங்குழியிலிருந்து ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்தார். சின்னம்மாவுக்கு அப்போது இருபது வயது இருக்கும். வந்த புதிதில் நான் அவளோடு சரியாகப் பேசியதே இல்லை.

பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா சுவரைப் பார்த்த அன்றே வாயைப் பொத்திக்கொண்டாள். "இது வெறும் பூசணம் இல்லடி. மூத்தவ வந்து குந்திகினு கீறா. உன்ன வாழ வுடுவாளான்னு பாரு" என்று சின்னம்மாவிடம் சொன்னது கதவோரம் நின்ற என் காதில் விழுந்தது. அன்றிலிருந்து நான் உள்ளறைப் பக்கம் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு ஓடுவேன். சின்னம்மாவும் பயந்தாள் என்பது எனக்குத் தெரியும். உள்ளே அரிசி எடுக்கப் போகும்போதெல்லாம், "சரசு, கூட வாயேன்டி" என்பாள். என் பயத்தில் வேறொன்றும் கலந்திருந்தது. அங்கே உட்கார்ந்திருப்பது பேயாகவே இருந்தாலும் அது என் அம்மா. அவள் போய்விடவும் கூடாது. என்னைத் திரும்பிப் பார்க்கவும் கூடாது.

இதற்குள் சேகருக்கு "இழுப்பு" வந்துவிட்டது. குழந்தையின் நெஞ்சில் சீழ்க்கை அடிப்பது போன்ற சத்தம் கேட்கும். சின்னம்மா பேயை மறந்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகினாள். முதலில் அடுப்புச் சாம்பலைத் தேங்காய் நாரில் தொட்டுத் தேய்த்தாள். மூன்றாம் நாள் மறுபடி பூத்தது. வேப்பிலையையும் மஞ்சளையும் அரைத்துப் பூசினாள். பச்சைக்கு மேல் கறுப்பு எட்டிப் பார்த்தது. சோற்றுத் தண்ணீரை ஒரு வாரம் புளிக்கவைத்த "காடி"யைத் துணியில் நனைத்துத் துடைத்து, வேப்பிலைப் புகை போட்டாள்; புகையில் தம்பி இன்னும் இருமினான். கடைசியில், "இதுக்குச் சுண்ணாம்புதான் சரி" என்று முடிவுகட்டினாள். கருங்குழியில் சிறுமியாக இருந்தபோதே சுண்ணாம்புச் சூளையில் கூடை தூக்கியவள் அவள். கால்வாய்ப் படகில் வந்து இறங்கிய, தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பாகிற சுட்ட கிளிஞ்சலை ஒரு பானை வாங்கி வந்து கொல்லையில் வைத்தாள்.

வெள்ளை அடித்துவிட்டால் அம்மா இருந்த இடமே தெரியாமல் போய்விடும் என்று அன்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டே இருந்தேன். சின்னம்மா என் கையில் சொம்பைக் கொடுத்து, "கிட்ட வராத. நான் சொல்லச் சொல்ல ஒரு கை தண்ணி வுடு. மொத்தமா கவுத்துடாத, பொங்கிடும்" என்றாள். பொங்கி வழிந்தால் சுண்ணாம்பு வீணாகிவிடும், இன்றைக்கு வெள்ளை அடிக்க முடியாது; என் புத்தியில் பட்டது அவ்வளவுதான். அவள் பானைக்குள் கிடந்த ஒரு கல்லை எடுக்கக் குனிந்தபோது சொம்பு முழுவதையும் கவிழ்த்தேன்.

பானை சீறிக்கொண்டு பொங்கியது. வெள்ளைக் கொதி அவள் முகத்தில் அறைந்தது. அப்படி ஒரு அலறலை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. கண்ணைப் பொத்திக்கொண்டே கிணற்றடித் தொட்டிக்கு ஓடி, தலையை அப்படியே நீரில் முக்கி, விரல்களால் இமையைப் பிரித்துப் பிரித்துக் கழுவினாள். ஓடிவந்த ராஜம்மா அக்கா, "தண்ணி ஆவாதுடி, எண்ண வுடு, எண்ண வுடு" என்று கத்தினாள். சின்னம்மா கேட்கவில்லை. அவள் மூச்சுக்கு நிமிர்ந்தபோதெல்லாம் இடது கண் ரத்தத் துண்டாக இருந்தது. நான் வெறும் சொம்போடு நின்றிருந்தேன்.

தகவல் போய் நைனா வந்து, அவளைப் பஸ்ஸில் ஏற்றித் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான்கு நாள் ராஜம்மா அக்கா வீட்டில்தான் எங்களுக்குச் சோறு. தெருவில் சைக்கிள் மணி அடித்தால் போலீஸ் என்று நினைத்துக் குதிருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். கண் போய்விட்டால் என்னைத் தூக்கில் போடுவார்களா என்று யாரைக் கேட்பது? ஆனால் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. வந்தவர்களிடமெல்லாம் ராஜம்மா அக்கா, "சொன்னேனா இல்லையா? தன்ன அழிக்க வந்தாளேன்னு மூத்தவ கண்ணையே புடுங்கிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள்.

அதை மூன்றாம் முறை கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. நான் செய்ததற்கு அம்மா பேச்சு வாங்குகிறாள். "நான்தான் ஊத்தினேன்" என்று சொல்லப் போய், சொல்லாமலே திரும்பினேன். மத்தியானம் சேகர் தூங்கியதும் எங்கள் வீட்டுக்குப் போனேன். கண்ணைத் திறந்துகொண்டே உள்ளறைக்குள் நுழைந்தேன். பயத்தில் பாவாடைக்குள் ஈரமாகிவிட்டது. அம்மாவின் தலை இருந்த இடத்தில் கை வைத்தேன். சில்லென்று, வழவழவென்று இருந்தது, விரலில் கறுப்பு ஒட்டியது, அவ்வளவுதான். அழுதுகொண்டே, மிச்சமிருந்த காடியை ஊற்றி நாரால் தேய்த்தேன். பானையில் சுண்ணாம்பு ஆறித் தயிர் மாதிரி உறைந்திருந்தது. அதைக் கரைத்து, தென்னை மட்டையை நசுக்கி, என் கை எட்டிய உயரம்வரை அடித்தேன். விரல் இடுக்குகள் வெந்துபோயின.

ஐந்தாம் நாள் சின்னம்மா ஒரு கண்ணில் கட்டோடு வந்தாள். உடனே கழுவியதால்தான் கண் தப்பியது, முழுப் பார்வை மட்டும் கிடைக்காது என்று டாக்டர் சொன்னதாக நைனா சொன்னார். "எப்படி ஆச்சு?" என்று அவர் என் முன்னாலேயே அவளை மறுபடி கேட்டார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"நானேதான். அவசரப்பட்டு மொத்தத் தண்ணியும் கவுத்துட்டேன்" என்றாள் சின்னம்மா.

ராஜம்மா அக்கா மறுபடி மூத்தவள் கதையைத் தொடங்கியதும், "அக்கா, பாவம், செத்தவங்கள ஏன் இழுக்கிற? அவங்களுக்கு இன்னா வேல இங்க?" என்று வெடுக்கென்று சொன்னாள். பிறகு உள்ளறைக்குப் போனவள், பாதி உயரத்துக்கு மட்டும் வெளுத்திருந்த சுவரையும் என் வெந்த விரல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் எடுத்து வந்து என் விரல்களில் தடவினாள். அன்றுதான் நான் அவளை முதல்முதலாகச் "சின்னம்மா" என்று கூப்பிட்டேன்.

சுவருக்கு வெளிப்புறத்தில் பாத்திரம் தேய்க்கிற தண்ணீர் குழியாகத் தேங்கி நிற்பதை நைனா பிறகுதான் கவனித்தார். அதை மூடி, கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்து வெயிலை உள்ளே விட்டதும் பூசணம் அடங்கியது; மாசி வாக்கில் சேகரின் இழுப்பும் நின்றது.

இன்று அந்த இடத்தில் குளிரூட்டிய அறைகளோடு ஒரு விடுதி நிற்கிறது. கால்வாயில் படகுகள் இல்லை, கிளிஞ்சல் சூளைகள் இல்லை. சுவர் பூத்தால் கடையில் டப்பாவில் விற்கிற மருந்தைப் பீய்ச்சிவிடுகிறார்கள்.

சின்னம்மாவுக்கு வயதானபோது நல்ல கண்ணிலும் புரை விழுந்தது. நான்தான் செங்கல்பட்டுக்கு அழைத்துப்போனேன். சின்ன வயது டாக்டர், இடது கண்ணில் இருந்த வெள்ளைத் தழும்பைப் பார்த்து, "இது எப்படிப் பாட்டி?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "நானே கவுத்துகினது சாமி" என்றாள்.

அந்தப் பிடி இப்போது இல்லை, அவள் போய் இரண்டு வருஷமாகிறது. அதனால்தான் இதை எழுத முடிகிறது: தண்ணீரை ஊற்றியது நான்.