சாவியில் தொங்காத தக்கை

எண்ணெய் தேன் நிறத்தில் வடிந்தது. பால் விட்ட காப்பி நிறத்தில் வந்திருந்தால் படகு மோட்டாரின் அடிப்பகுதியில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். ரோவீனா சட்டியை வெளிச்சத்துக்கு நகர்த்தினாள். அப்பா குனிந்து பார்த்தார்.

"நல்லாத்தான இருக்கு?"

"நல்லா இருக்குப்பா."

"நீ சொன்னா சரி."

அவர் இப்படிக் கேட்கிறவர் அல்ல. டெல்மர் ஸ்டபிள்ஃபீல்டு முப்பத்தொரு வருஷம் அலபாமாவின் வடக்கு மூலையில் பள்ளிப் பேருந்துகளைப் பழுதுபார்த்தவர். எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த டிரைவர் கியரைக் கொடுமைப்படுத்துகிறான் என்று சொல்லிவிடுவார். எழுபத்துநாலு வயதில், தன் வீட்டுக் கார் கொட்டகையில், தன் படகின் எண்ணெய் நிறத்தை மகளிடம் கேட்டு உறுதி செய்துகொண்டார்.

அது அக்டோபர் மாதம், ஞாயிற்றுக்கிழமை. அடுத்த சனிக்கிழமை படகை விற்பதாக இருந்தது. விற்கிற படகைத்தான் ஒழுங்காகத் துடைத்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. ரோவீனா மோட்டாரின் விசிறியைக் கழற்றினாள். அதன் பின்னால் தண்டில் ஒரு முழம் தூண்டில் நரம்பு இறுகச் சுற்றிக் கிடந்தது. விட்டுவைத்தால் அது உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தை அறுத்துவிடும்; அந்த வழியாகத்தான் தண்ணீர் ஏறும்.

"பச்சை நரம்பு பாத்தியா? ஹாய்ட்டோடது. நாப்பது வருஷமா அந்தப் பய மீனுக்கா வீசினான்? என் மோட்டாருக்குத்தான் வீசினான்."

அவள் சிரித்தாள். நரம்பைக் குறட்டால் பிடித்து இழுத்தாள். புது எண்ணெயைக் கீழ்த் துளை வழியாக ஏற்றினார்கள். மேல் துளையில் குமிழி இல்லாமல் வழிகிறவரை. மேல் திருகை முதலில் பூட்ட வேண்டும், பிறகு கீழ்த் திருகு. அப்பா கீழ்த் திருகை முறுக்கினார். முறுக்கிவிட்டு ஸ்பானரை அவளிடம் நீட்டினார்.

"நீ ஒரு தரம் பாத்துடும்மா."

பார்த்தாள். சரியான இறுக்கம். காகித ஆலையில் அழுத்தமானிகளைச் சரிபார்ப்பது அவள் தொழில். இருபத்திரண்டு வருஷ அனுபவம். அவர் மணிக்கட்டில் இருந்த அளவு எந்தக் கருவிக்கும் குறைந்ததில்லை.

"சரியா இருக்குப்பா."

"இன்னொரு தரம் பாரு."

இன்னொரு தரமும் பார்த்தாள்.

ஏப்ரலில் நடந்த ஒரு காரியத்துக்குப் பிறகுதான் அவர் இப்படி ஆனார். தன் மூளை கழன்றுகொண்டு வருகிறது என்று நம்பினார். அப்படி இல்லை என்று ரோவீனாவுக்குத் தெரியும். அவர் நம்பியதற்குக் காரணம் அவளுடைய தப்பு. அதை அவள் இன்னும் சொல்லவில்லை.

படகின் பின்பக்க அடியில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. கரையில் இருக்கும்போது உள்ளே சேர்ந்த தண்ணீர் வடியட்டும் என்று அதைத் திறந்துவிடுவார்கள். ஏரியில் இறக்குமுன் பித்தளைத் தக்கையால் திருகி மூடுவார்கள். தக்கையை மறந்து படகை இறக்கியவனை அந்த ஏரிக்கரையில் யாரும் சும்மா விட்டதில்லை. அதற்காக டெல்மர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். தக்கையைக் கழற்றினால் உடனே படகின் சாவி வளையத்தில் மாட்டுவார். சாவியில் தக்கை தொங்கினால் துளை திறந்திருக்கிறது. சாவி மொட்டையாக இருந்தால் தக்கை படகில் இருக்கிறது. கழற்றியவரே மாட்ட வேண்டும், இன்னொரு கை நடுவில் வரக் கூடாது. இருபத்தாறு வருஷத்தில் ஒரு தரமும் தப்பவில்லை.

ஜனவரிக் கடைசியில் அவருக்கு இருதயக் குழாயில் ஸ்டென்ட் என்கிற வலைக்குழல் வைத்தார்கள். இரண்டு மாதம் ஏரிப் பக்கம் போகக் கூடாது, அதன் பிறகும் தனியாகப் போகக் கூடாது என்று டாக்டர் சொன்னார். பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, அப்பா தூங்கிக்கொண்டிருந்தபோது, ரோவீனா அடுக்களை ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தாள். தக்கையின் திருகு மரை தேய்ந்திருந்தது. தேய்ந்த பாகத்தைப் பார்த்துவிட்டு அவளால் சும்மா இருக்க முடியாது. வளையத்திலிருந்து தக்கையைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், அதே அளவில் புதியது வாங்கினாள். பழையதைக் கடையின் குப்பைக்கூடையிலேயே போட்டாள். அந்த நேரம் ஆலையிலிருந்து அழைப்பு. கொதிகலன் நின்றுவிட்டதாம். நேரே ஆலைக்குப் போய்விட்டாள். சாவி மொட்டையாக ஆணியில் தொங்கியது.

ஏப்ரல் பன்னிரண்டு, சனிக்கிழமை. மீன்பிடிச் சங்கத்தின் வசந்தப் போட்டி. டெல்மருக்கு அந்த வருஷத்தின் முதல் பயணம், பழைய தோழர் ஹாய்ட்டுடன். சாவியை எடுத்தார். தக்கை தொங்கவில்லை. படகை இறக்கினார்.

மற்றதை ஹாய்ட் போனில் சொன்னார். ஹாய்ட் வீடுகளுக்கு எரிவாயு நிரப்பும் லாரி ஓட்டியவர். எதையும் உரக்கத்தான் சொல்வார்.

"நாப்பது படகு வரிசையில நிக்குது. எங்க நம்பர் முப்பத்தொண்ணு. காத்திட்டு இருக்கோம். எனக்குக் கால் நனையுது. 'டெல்மர், உனக்கு வயசாயிடுச்சுன்னு தெரியும், அதுக்காக என் காலுலயா?'ன்னேன். அவன் திரும்பிப் பாத்தான். பின்பக்கம் வாத்து மாதிரி உக்காந்துடுச்சு. பேட்டரி முழுகி, தண்ணி எறைக்கற பம்பு ஓடல. அவன் மூஞ்சியப் பாக்கணுமே. நான் சிரிச்சுட்டேன்மா. எல்லாரும் சிரிச்சுட்டோம்."

சங்கத்தில் ஒரு சடங்கு உண்டு. தக்கையை மறந்தவன் அடுத்த ஆள் மறக்கிறவரை, குளியல்தொட்டியின் ரப்பர் அடைப்பானைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூட்டத்துக்கு வர வேண்டும். பத்தொன்பது வருஷமாக அந்த மாலையை அடுத்தவர் கழுத்தில் போட்டு வாழ்த்துரை வாசித்தவர் டெல்மர். பாதிரியாருக்கே போட்டிருக்கிறார்: "நீங்க தண்ணி மேல நடப்பீங்கன்னு நம்பித்தான் தக்கைய விட்டுட்டீங்களோ?" இந்தத் தரம் ஹாய்ட் மாலையை எடுத்து வந்தார். டெல்மர் தொப்பியைக் கழற்றிக் கழுத்தைக் குனிந்து கொடுத்தார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

மறுநாள் மதியம் ரோவீனா போனபோது அடுக்களை இழுப்பறைகள் எல்லாம் திறந்து கிடந்தன. தக்கையைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வெர்லனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது" என்றார். வெர்லன் அவருடைய அண்ணன். கடைசி நான்கு வருஷம் முதியோர் இல்லத்தில் இருந்தார். தம்பியைப் பேருந்து டிரைவர் என்று நினைத்து, தன்னை எங்கே இறக்கிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே செத்துப்போனார்.

"அப்பா, ஒரு தக்கை. யாரும் மறப்பாங்க."

"மறந்தா பரவால்லம்மா. சாவியப் பாத்தேன். தொங்கல. அப்போ நான் எடுத்து எங்கயோ வச்சிருக்கேன். எங்கன்னு தெரியல. எடுத்ததும் தெரியல."

அன்று அவளுக்கும் தெரியாது. பிப்ரவரி ஞாயிறு நினைவில் இல்லை. மே மாதம் குளிர்ச்சட்டைகளைத் துவைக்க எடுத்தபோது, ஆலைச் சட்டையின் பைக்குள் பிரிக்காத பொட்டலம் இருந்தது. ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த பித்தளைத் தக்கை.

அன்றே சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷக் கார்ப் பயணம். கார்ச் சாவியை எடுத்தாள். திரும்ப வைத்தாள்.

டாக்டர் தனியாகப் போகாதே என்றிருந்தார். ஆனால் மார்ச் மாதமே அப்பா, "ஹாய்ட் வாயத் தொறந்தா மீன் ஓடிடுது, ரெண்டு நாள் நான் மட்டும் போயிட்டு வரேன்" என்று திட்டம் போட்டிருந்தார். டாக்வுட் மரம் பூத்தால் பாஸ் மீன் முட்டையிட ஆழத்தை விட்டுக் கரையோரம் வரும். அந்த மூன்று வாரத்தை அவர் எந்த வருஷமும் விட்டதில்லை. ஒன்பது வயதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். தூண்டிலைப் பாசி ஓரத்தில் போடு. பிறகு ஒன்றும் செய்யாதே. நரம்பு பக்கவாட்டில் நகர்ந்தால் மீன் வாயில் இருக்கிறது. மீனைத் தொடுமுன் கையை நனை, காய்ந்த கை அதன் மேல்பூச்சை உரிக்கும். பெரிய மீனைத் தாடையில் தொங்கவிடாதே, வயிற்றுக்கும் ஒரு கை கொடு. போட்டோ எடுக்கும் நேரம் நீ மூச்சைப் பிடித்துக்கொள். உனக்கு முட்டினால் அதற்கும் முட்டும், விட்டுவிடு.

ஏப்ரலுக்குப் பிறகு அவர் ஏரிக்குப் போகவில்லை. யாரும் தடுக்காமல் தானே நின்றுவிட்டார். நடு ஏரியில், வேறு ஆளில்லாத படகில், மார்பைப் பிடித்துக்கொண்டு அவர் சரிகிற காட்சி ரோவீனாவின் கண்ணுக்கு வருவது நின்றது. அவள் நன்றாகத் தூங்கினாள். பொட்டலம் அவளுடைய மேசை இழுப்பறைக்குப் போனது. கோடை போகட்டும் என்று நினைத்தாள். பிறகு, படகு விற்கட்டும் என்று.

சனிக்கிழமை காலை படகை வாங்க டீக் என்பவன் வந்தான். முப்பது வயது, கூரை வேலை செய்கிறவன். படகைச் சுற்றி வந்து கையால் தட்டிப் பார்த்தான்.

"வயசுக்கு நல்லா வச்சிருக்கீங்க ஐயா."

"படகையா, என்னையா?"

டீக் சிரித்தான். டெல்மர் அவனை மோட்டாருக்குப் பின்னால் கூட்டிப்போனார். குரலில் பழைய பணிமனை திரும்பியிருந்தது.

"கேட்டுக்க தம்பி. மோட்டாரை நெட்டுக்குத்தலா நிறுத்தி வை, அப்பத்தான் உள்ள இருக்கற தண்ணி வடியும். குளிர்ல வடியாத தண்ணி பனியாகி இரும்பையே பிளக்கும். மூணு மாசம் ஓட்டலன்னா பெட்ரோல்ல மருந்து ஊத்தி பத்து நிமிஷம் ஓட விடு. பேட்டரி வயரைக் கழட்டி வை. படகு ஏத்தற வண்டிச் சக்கரத்த ரோட்டுல பாதி வழில நிறுத்தித் தொட்டுப் பாரு. கை சுட்டா கிரீஸ் போச்சுன்னு அர்த்தம். ஏரிய விட்டு ஏறும்போது பாசிய ஒண்ணு விடாம பிய்ச்சு எறி. அடுத்த ஏரிக்குக் கொண்டு போயி நட்டுடாத."

"சரிங்க."

"ஓட்டும்போது அந்தச் சிவப்புக் கயித்த உடம்புல மாட்டிக்க. நீ விழுந்தா மோட்டார் நிக்கணும். நிக்கலன்னா வட்டம் போட்டு உன் மேலயே வரும்."

கடைசியாகச் சாவியை நீட்டினார். அதில் ஏப்ரலுக்குப் பிறகு அவரே வாங்கிய தக்கை தொங்கியது.

"இத நான் பாத்துப் பாத்து வச்சிருந்தேன். அப்படியும் கோட்டை விட்டேன். அதனால சாவிய நம்பாத. கீழ குனிஞ்சு விரல விட்டுப் பாரு. ஒவ்வொரு தரமும்."

ரோவீனா மூன்றடி தள்ளி நின்றாள். டீக் அவளைப் பார்த்து, "உங்க அப்பா என் அப்பாவ விடக் கறாரு" என்றான். அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்நியன் முன்னால் எப்படி என்று தோன்றியது. டீக்கின் வண்டி படகை இழுத்துக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகு, "அப்பா, அந்தத் தக்கை விஷயம்" என்றாள்.

"விடும்மா. அது போச்சு. பசிக்குது, வா."

பயறும் சோளரொட்டியும் சாப்பிட்டார்கள். நவம்பர்க் கடைசியில் நன்றி சொல்லும் பண்டிகைக்கு மூன்று நாள் விடுமுறை உண்டு, நிதானமாகச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள்.

ஐந்து நாள் கழித்து, வியாழன் காலை, அதே அடுக்களையில் இறந்தார். இருதயம்தான். அடுப்பில் வாணலி கருகிக் கிடந்தது. படகில் இருந்திருந்தாலும் இதுவே நடந்திருக்கும். ஏரியில் என்றால் காலைப் பனியாவது இருந்திருக்கும்.

அடக்கத்துக்குப் பிறகு தேவாலயக் கூடத்தில் சாப்பாடு. ஊரே மூடிபோட்ட பாத்திரங்களோடு வந்திருந்தது. ஹாய்ட் தட்டை எடுக்காமல் சுவரோரம் நின்றார். ரோவீனா அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். தேய்ந்த மரை, கடை, ஆலை, சட்டைப்பை, மே மாதம். நான்கு வாக்கியத்தில் முடிந்தது. ஆறு மாதம் சொல்லாமல் வைத்திருந்தது அவ்வளவுதான்.

ஹாய்ட் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வாராவாரம் கூப்பிட்டேன்" என்றார் தாழ்ந்த குரலில். "'நீ சும்மா உக்காரு, நான் ஓட்டறேன், தக்கைய நான் பாத்துக்கறேன்'னு கெஞ்சினேன். 'உன் உயிருக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது'ன்னுட்டான். கேலி பண்றான்னு நெனச்சேன்."

"தப்புதான் மாமா."

"அவன் கழுத்துல நான்தான மாட்டினேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த வாரம் அவள் அப்பாவின் வண்டியைச் சுத்தம் செய்தாள். முன் கண்ணாடிக்கு மேலிருந்த வெயில்மறைப்பு மடிப்பில் ஒரு பழுப்பு உறை செருகியிருந்தது. முகவரி எழுதி, தபால்தலை ஒட்டி, மூடாமல் வைத்திருந்தார். ஹன்ட்ஸ்வில் நகரில் ஒரு ஞாபகமறதி டாக்டரின் பெயர். உள்ளே எட்டுப் பக்கப் படிவம். சந்திப்பு நவம்பர் பதினெட்டு, காலை ஒன்பது இருபது.

முதல் ஐந்து பக்கங்களை அவர் நிரப்பியிருந்தார். பணிமனைப் பதிவேட்டில் எழுதுகிற அதே கட்டை எழுத்து. மறதி ஏற்பட்ட நிகழ்ச்சிகளைத் தேதிவாரியாக எழுதவும் என்ற இடத்தில் இருபது வரி விட்டிருந்தார்கள். ஒரு வரிதான் எழுதியிருந்தார்: ஏப்ரல் பன்னிரண்டு, படகு. கீழே: "வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. எனக்குத் தெரியாமல் இருக்கலாம்."

ஆறாம் பக்கத்திலிருந்து நெருங்கிய உறவினர் ஒருவர் நிரப்ப வேண்டும். உறவினர் பெயர் என்ற இடத்தில் அவள் பெயரையும் ஆலையின் தொலைபேசி எண்ணையும் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்தில் ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

"ரோவீனாவிடம் கொடுத்து எழுதி வாங்கணும். உள்ளதை மறைக்காமல் எழுதச் சொல்லணும். பத்தாம் தேதிக்குள் தபால்."

மற்றபடி மூன்று பக்கமும் வெறுமையாக இருந்தன.