தொட்டியை விட்டுட்டு எப்படி வர்றது

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. குடிக்க மாட்டார். கை நீட்ட மாட்டார். சம்பளத்தை அப்படியே கொண்டு வந்து அக்கா கையில் கொடுப்பார். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்பவர்கள் ஒரு மாதம் என் அக்காவாக இருந்து பார்க்கட்டும்.

அத்தானும் நானும் ஒரே ஹோட்டலில் வேலை செய்கிறோம். எனக்கு அடித்தளத்தில் சலவைப் பிரிவு. அவருக்கு மேலே முன்கூடம். உள்ளே நுழைந்ததும் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டி இருக்கும். அதற்குள் உயிருள்ள பவளப்பாறை, கொம்பு கொம்பாகவும் தட்டு தட்டாகவும், ஊதாவும் பச்சையுமாக. வருகிறவர்கள் கையிலிருக்கும் பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே படம் எடுக்கத் தொடங்கிவிடுவார்கள். எந்தப் படத்திலும் அத்தான் இருக்க மாட்டார். அவர் சுவருக்குப் பின்னால், சந்து போன்ற ஓர் அறையில் இருப்பார். ஹோட்டலில் அவருக்குப் பட்டப்பெயர் கடல் ராஜா. ராஜாவின் அரண்மனையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடம் கிடையாது. எப்போதும் ஈரத் தரை, எங்கு தொட்டாலும் உப்பு, காதுக்குள் குடியேறிவிடும் மோட்டார் இரைச்சல்.

அந்த அறையின் மூலையில்தான் என் அக்காவின் சக்களத்தி நிற்கிறாள். பெயர் கால்சியம் ரியாக்டர். இடுப்புயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே செத்துப்போன பவளத்தின் எலும்புத் துண்டுகள். பக்கத்தில் இருக்கும் சிலிண்டரிலிருந்து வாயு குமிழி குமிழியாக உள்ளே போகும். சோடாவில் இருக்கும் அதே வாயுதான். அது கலந்ததும் குழாய்க்குள் ஓடும் தண்ணீர் புளிப்பேறி, அந்த எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். கரைந்த சுண்ணாம்பு ஒரு மெல்லிய டியூப் வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விழும். அதைத் தின்றுதான் உயிரோடிருக்கும் பவளம் வளர்கிறது. செத்ததைக் கரைத்து இருப்பதற்கு ஊட்டுகிற வேலை. இதை அத்தான் எனக்கு விளக்கிய அன்று, "என்னைக் கரைச்சு அவருக்கு ஊட்டற மாதிரியா?" என்று அக்கா சிரித்துக்கொண்டே கேட்டாள். அப்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

எல்லாம் அந்த வாயுவைத் திறந்து விடும் சின்ன வால்வில் இருக்கிறது. கூடுதலாகத் திறந்தால் சுண்ணாம்பு ஏறி, பவளத்தின் நுனி கருகும். குறைத்தால் வளர்ச்சி நின்று நிறம் வெளுக்கும். அத்தான் காலையில் வந்ததும் ஒரு குப்பியில் தொட்டித் தண்ணீரை எடுத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குவார். முதலில் ஏறும் நீலம் எத்தனையாவது சொட்டில் மஞ்சளாகிறதோ அதுதான் அன்றைய நாடி. ஒரு சொட்டு குறைந்தால் வால்வை மயிரிழை கூட்டுவார். மாலையில் மறுபடி பார்த்து, ஒரு சொட்டு ஏறியிருந்தால் மயிரிழை குறைப்பார். மறுநாள் அது இறங்கியிருக்கும். உடனே கூட்டுவார். இப்படியே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காலம் போனது.

அவர் ஆதியில் ஏசி மெக்கானிக். தொட்டியை வைத்துக் கொடுத்த கம்பெனி ஆட்கள் கையை உதறிவிட்டுப் போனபின், "நீ பாத்துக்கோ" என்று இவர் தலையில் கட்டினார்கள். மனிதர் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டார். அதை நான் குறை சொல்ல மாட்டேன். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக முதல் தடவையாக லீவு போட்டார். அன்றைக்குப் பார்த்து வால்வு பழுதாகி, சிலிண்டரில் இருந்த வாயு முழுவதும் உள்ளே பாய்ந்துவிட்டது. திரும்பி வந்தபோது பாதிப் பவளம் சதை உரிந்து நின்றது. அப்போதிருந்த மேனேஜர் கூடத்தில் நாலு பேர் பார்க்க வைத்து இவரைக் கிழி கிழி என்று கிழித்தார். இவர் அங்கே இருந்திருந்தாலும் அந்த வால்வு பழுதாகியிருக்கும். ஆனால் அத்தான் மனதில் ஒன்று ஆணியடித்ததுபோல் நின்றுவிட்டது: நான் நகர்ந்தால் தொட்டி செத்துவிடும்.

அதற்குப் பிறகு வீட்டில் எது நடந்தாலும் ஒரே பதில்தான். "தொட்டியை விட்டுட்டு எப்படி வர்றது?" எங்கள் அப்பா போனபோது அடக்கத்துக்கு நேரே வந்து, கை கழுவிய ஈரம் காயும் முன்பே பஸ் ஏறினார். அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தபோது பக்கத்தில் இருந்தது நான். மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரோடு பந்தியில் உட்கார்ந்திருந்தவர், சொட்டு நின்றுவிட்டது என்று ஹோட்டலிலிருந்து போன் வந்ததும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். உப்பு அடைத்துக்கொண்ட டியூப்பை ஊதிவிட்டுவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்தபோது மகள் புருஷன் வீட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தாள். வெறும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மகள் அவரைப் போலவே பிடிவாதக்காரி. தூரத்து ஊரில் குடித்தனம். உண்டானதும் போனில் அக்காவிடம் சொன்னாள், "பிரசவத்துக்கு வந்தா ரெண்டு பேரும் வாங்க. உன்னை மட்டும் அனுப்பிட்டு அவரு தொட்டிக்குக் காவல் இருக்கறதா இருந்தா, நீயும் வர வேண்டாம்மா." அக்கா அழுதாள், கெஞ்சினாள். அவள் அசையவில்லை. அத்தான், "பாக்கலாம்" என்றார். அவர் வாயில் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அக்கா துணி தைத்து வைத்தாள். சின்னச் சின்னச் சட்டைகள், கழுத்தில் முடிச்சு வைத்தவை.

பிரசவத்துக்கு இன்னும் சில நாட்கள் இருக்கும்போது அத்தான் அந்த ஈரத் தரையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். தகடு வைத்து ஆபரேஷன். படுக்கையை விட்டு அசையக் கூடாது என்றார்கள். மயக்கம் தெளிந்ததும் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். அக்கா முகத்தில் ஒரு மலர்ச்சி, பார்க்கவே பாவமாக இருந்தது, ஏதோ குடும்ப விஷயம் பேசப் போகிறார் என்று நினைத்துவிட்டாள்.

"சொட்டு விழுதான்னு போய்ப் பாரும்மா," என்றார்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு வேலை. துவைத்த படுக்கை விரிப்புகளை எண்ணி மேலே அனுப்பிவிட்டு, அந்தச் சந்துக்குள் போய்க் குப்பியைக் குலுக்குவேன். தண்ணீர் ஊற்றவும் கண்ணாடி துடைக்கவும் ஹோட்டலில் கூட்டிப் பெருக்கும் ஒரு அம்மா இருந்தார். சொட்டுக் கணக்கை நான் போனில் சொல்வேன். அத்தான் கண்ணை மூடி யோசிப்பார்; பக்கத்திலிருந்து அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"ஒரு சொட்டு குறையுதே. வால்வை மயிரிழை கூட்டு. மயிரிழைதான், தெரியுதா?"

"சரி அத்தான்."

எனக்கு அந்த வால்வைத் தொடப் பயம். ஏதாவது ஆனால் இந்த மனுஷன் தகட்டோடு எழுந்து வந்துவிடுவார். தொடாமலே, "கூட்டிட்டேன்" என்றேன். மறுநாள் பார்த்தால் கணக்கு தானாகவே சரியாக இருந்தது. "பாத்தியா," என்றார்.

அக்கா மகளுக்கு வலி கண்டது என்று மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தபோது, அக்கா இவருக்குப் படுக்கையில் உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். இவரை யாரிடம் விட்டுவிட்டுப் போவாள்? மகள் பேசினாளாம். "அப்பாவுக்குக் காலா? எப்பவும் அப்பாவுக்கு ஏதாவது ஒண்ணு வந்துடும்மா." அவ்வளவுதான் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அக்காவுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. எனக்குப் போன் செய்து அழுதாள். அது முடிந்த கையோடு அத்தானிடமிருந்தும் போன் வந்தது. மகளைப் பற்றிப் பேசத்தான் கூப்பிடுகிறார் என்று எடுத்தேன்.

"இன்னைக்கு ஹோட்டல்ல கூட்டம். விளக்கு அதிக நேரம் எரியும். பவளம் நிறைய இழுக்கும். ஒரு மயிரிழை கூட்டிடு."

போனை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டேன். சலவை மெஷினை எட்டி உதைத்தேன், கால்தான் வலித்தது. அன்றிலிருந்து பயத்தால் அல்ல, கோபத்தால் அந்த வால்வைத் தொடவில்லை. கூட்டு என்றால் கூட்டினேன் என்பேன். குறை என்றால் குறைத்தேன் என்பேன். சொட்டுக் கணக்கு மட்டும் பொய் சொல்லவில்லை. அதில் பொய் சொல்ல எதுவும் இருக்கவில்லை. ஒன்று ஏறி ஒன்று இறங்கி, அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

பேரன் பிறந்தான். படம் மட்டும் வந்தது.

அத்தான் ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கியபோது மகள் மறுபடி பேசினாள். "கால் சரியானதும் ரெண்டு பேரும் வாங்க. இனிமே கூப்பிட மாட்டேன்." அக்கா பெட்டியை இறக்கித் துடைத்தாள். தைத்த சட்டைகள் அதற்குள் சின்னதாகிப் போயிருக்கும் என்று புதிதாக இரண்டு தைத்தாள். அத்தானும் மறுக்கவில்லை. "ஒரு தடவை தொட்டியைப் பாத்துட்டு வந்துடறேன். நல்லா இருந்தா டிக்கெட் போட்டுடலாம்," என்றார். நல்லா இருந்தா. அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டாள். "நல்லா இருக்குக்கா," என்றேன்.

நல்லா என்பது குறைந்த சொல். கூடத்துக்குள் நுழைந்ததும் அத்தான் நின்றுவிட்டார். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் பவளம் அப்படி வளர்ந்திருந்தது. எல்லாக் கொம்பின் நுனியிலும் புதிதாக வெள்ளை விட்டிருந்தது. அது புது எலும்பு. எப்போதும் பழுப்பாகக் கிடந்த தட்டுப் பவளம் கூட ஊதாவாகிவிட்டது. தொட்டி வைத்த நாளிலிருந்து இப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"படுத்த படுக்கையா இருந்தே ஓட்டிருக்கேன் பாரு," என்றார். குரலில் அத்தனை பெருமை. "போன்லயே. உன் கையில சொல்லிச் சொல்லி."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. வலி கண்ட மகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் அவர் வால்வைப் பற்றிப் பேசியதை நான் மறக்கவில்லை.

"நான் ஒரு தடவை கூட தொடல அத்தான்."

"என்ன தொடல?"

"வால்வை. நீங்க சொன்ன எதையும் செய்யல. நீங்க விழுந்த அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியேதான் இருக்கு."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. தினம் இருமுறை திருகித் திருகி, ஏற்றி இறக்கி, அந்தப் பவளத்தை ஒரு நாள் கூட ஒரே நிலையில் நிற்க விடாமல் அடித்தது தன் கைதான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கே புரிந்தபோது அவருக்குப் புரியாமலா இருக்கும்? அந்த ஒரு நொடி எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

"அக்காகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத," என்றார்.

வீட்டில் அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். உள்ளே கட்டிலின்மேல் பெட்டி திறந்து கிடந்தது.

"எப்படி இருக்கு?"

அத்தான் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். மெதுவாக உட்கார்ந்தார். "ரொம்ப விட்டுப் போச்சு. கை வைக்காம நாறிக் கிடக்கு. இப்ப விட்டுட்டு எப்படி வர்றது? கொஞ்ச நாள் பக்கத்துல இருந்து தேத்தி விட்டாத்தான் உண்டு," என்றார்.

என் இரக்கம் அங்கேயே செத்தது. அவர் முன்னாலேயே நான் எல்லாவற்றையும் சொன்னேன். வால்வைத் தொடாததை, வெள்ளை நுனியை, ஊதா நிறத்தை. அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கோபப்படுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எதையோ கணக்குப் போடுகிறவள் மாதிரி இருந்தாள்.

"அப்ப அன்னைக்கும் வந்திருக்கலாம்," என்றாள்.

எந்த நாளைச் சொல்கிறாள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்றா இரண்டா கேட்பதற்கு.

மறுநாள் அவள் தனியாகக் கிளம்பினாள். பஸ் ஏறியபிறகுதான் மகளுக்குப் போன் செய்தாள். "நான் மட்டும்தான் வரேன். கதவைத் தொறக்கறதும் தொறக்காததும் உன் இஷ்டம்." மகள் திறந்தாள். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டுதான் திறந்தாளாம்.

அத்தான் வேலைக்குத் திரும்பினார். போன முதல் நாளே குப்பியைக் குலுக்கினார், வால்வைத் திருகினார். வேண்டுமென்று செய்தாரா, கை சும்மா இருக்கவில்லையா என்று எனக்குத் தெரியாது. அவருக்கே தெரியுமா என்பதும் சந்தேகம். மாலையில் குறைத்தார், காலையில் கூட்டினார். சில வாரங்களில் அந்த வெள்ளை நுனிகள் கருகத் தொடங்கின. தட்டுப் பவளம் பழைய பழுப்புக்கே போனது. மேனேஜர் கவலையோடு வந்து பார்த்து, "நல்ல வேளை நீங்க திரும்பி வந்துட்டீங்க," என்று அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அப்போது நான் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அத்தான் போன் செய்தார். குழந்தை முழிக்காமல் இருக்க அக்கா போனை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். அவர் குரல் எனக்கும் கேட்டது. அத்தனை மாதங்களில் அவ்வளவு தெம்பான குரலை நான் கேட்டதில்லை.

"நுனியெல்லாம் கருகிக்கிட்டு வருது. ராப்பகலா பக்கத்துலயே நிக்கறேன். நான் சொன்னேன்ல? இப்ப விட்டுட்டு வந்திருந்தா என்ன ஆயிருக்கும், நீயே சொல்லு."

அக்கா குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கினாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஆமாங்க," என்றாள். "நல்ல வேளை, நீங்க வரல."