பழைய பாஸ்வேர்டு

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருக்கும் வக்கீல் தாண்டவராயன் ஆபீசில் ரஞ்சனி பேருக்குத்தான் டைப்பிஸ்ட். ஸ்கேன் எடுப்பது, கட்சிக்காரர்களைச் சமாதானப்படுத்துவது, கரன்ட் போனால் ஓடிப்போய் யூபிஎஸ்ஸைப் பார்ப்பது எல்லாம் அவள் தலையில்தான். அவலூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவாள். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் புருஷனுக்குப் போன் போடுகிற ரகம். யார் சிரித்தால் என்ன, அந்தப் பயம்தான் அந்த ஆபீசைக் காத்துக்கொண்டிருந்தது.

உள்ளறையில் ஒரு சர்வர் இருந்தது. எல்லா வழக்குக் காகிதங்களும் அதற்குள். ஆபீஸ் முழுக்க ஒரே பாஸ்வேர்டு. ஜூனியர் முதல் பெருக்க வரும் அம்மா வரை எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அதைப் போட வேண்டுமென்றால் இங்கே வந்து உட்கார வேண்டும். சாயங்காலமானால் ரஞ்சனி பூட்டிவிட்டுச் சாவியோடு பஸ் ஏறிவிடுவாள்.

அதில் அவள் உயிராகப் பார்த்துக்கொண்டது கலைமதியின் ஃபைலை. சாதி மாறிச் செந்தமிழனைக் கட்டிக்கொண்டு, தாய்மாமன் ஆட்களுக்குப் பயந்து ஓடிவந்த பெண். பாதுகாப்புக் கேட்டுப் போட்ட மனு அது. இருவரும் ஒளிந்திருக்கும் ஓசூர் வீட்டு விலாசமும் அதில் இருந்தது. வந்த அன்று சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு ரஞ்சனிதான் ஊட்டிவிட்டாள். அன்றிலிருந்து கூடப்பிறந்தவள் மாதிரி.

கோடையில் சர்வர் மூன்றாவது முறையாகப் படுத்துக்கொண்டது. விழுப்புரத்திலிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸ் பொன்னுசாமி வந்து, இனி எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிடலாம், எங்கிருந்தாலும் போனிலேயே திறக்கலாம் என்றார். வக்கீலுக்கு வாயெல்லாம் பல்.

“பாஸ்வேர்டு மட்டும் ஆளுக்கு ஒண்ணு புதுசா வெச்சிக்கோங்க சார். போனுக்கு ஓடிபி வர்ற மாதிரியும் பண்ணிடலாம்,” என்றார் பொன்னுசாமி.

“கோர்ட்ல நின்னுக்கினு ஓடிபி தேடவா? பழசே இருக்கட்டும்பா.”

“சார், அது சேரனுக்குத் தெரியுமே,” என்றாள் ரஞ்சனி. சேரன் அங்கே குமாஸ்தாவாக இருந்து சண்டை போட்டுக்கொண்டு போனவன். இப்போது கலைமதியின் மாமன் நடத்தும் ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறான்.

“அவன் போயி ஒரு வருசம் ஆவுது. உனக்கு எல்லாத்துக்கும் டென்சன்.”

ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் மனிதர், தன் வீட்டு வாசலை நாலு திசையும் திறந்து வைத்தார். ரஞ்சனி கரடியாகக் கத்தியிருக்கலாம். இன்னொரு தரம்கூடச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டாள். அன்று சாயங்காலத்துக்குள் பொன்னுசாமி எல்லாவற்றையும் பழைய பாஸ்வேர்டோடு கிளவுடில் ஏற்றிவிட்டுப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டாள். கடைசியாகத் திறந்த ஃபைல்கள் வரிசையாக வந்தன. எல்லாவற்றுக்கும் மேலே கலைமதியின் பெயர். ஞாயிறு மத்தியானம் திறந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கிடையாது.

வக்கீலுக்குப் போன் போட்டாள். “சார், நேத்து நீங்க கலைமதி ஃபைலைத் தொறந்தீங்களா?”

“நேத்து முழுக்க மேல்மலையனூர் கோயில்ல இருந்தேன். போனையே எடுக்கல. இன்னா விசயம்?”

போனை வைத்தாள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையாக, முதலில் பாஸ்வேர்டை மாற்றத்தான் அவள் கை போனது. பிறகுதான் புத்தி வந்து கலைமதியைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டாள் என்று நினைத்தபோது எடுத்தாள். குரல் கலகலப்பாக இருந்தது.

“அக்கா, நானே போன் பண்ணணும்னு இருந்தேன். ஆபீஸ்ல இருந்து ஆள் வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? முதல்ல பயந்துட்டேன். கேஸ் நம்பரைக் கரெக்டா சொன்னாங்க, அப்புறம்தான் கதவைத் தொறந்தேன்.”

ரஞ்சனி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “எத்தினி பேரு கலை?”

“மூணு பேருக்கா. கூடத்துல உக்காந்திருக்காங்க. அவரு இருந்தாத்தான் கையெழுத்து வாங்க முடியுமாம். கம்பெனிக்குப் போன் பண்ணி வரச் சொல்லிட்டேன், வந்துக்கினே இருக்காரு.”