இரவல் வெயில்

கோ இன்சில் அக்காவை நான் முதன்முதலில் பார்த்தபோது, அவர் எங்கள் நோயாளிக் கட்டில் ஒன்றில் ஷூவைக்கூடக் கழற்றாமல் மல்லாந்து படுத்திருந்தார்.

"யாருங்க நீங்க? இன்னிக்கு இந்தக் கட்டிலுக்கு ஆள் இல்லையே" என்றேன்.

"நான் நோயாளி இல்ல தங்கச்சி. கூரையைப் பார்க்க வந்தேன்."

பக்கத்துக் கட்டிலில் இரண்டு குழாய்களோடு கிடந்த தோக்சு சிரித்தான். "எங்க அக்காதான். அஞ்சு வருஷமா நான் பார்க்கிற கூரையில என்னதான் இருக்குன்னு கேட்டா. வந்து பாருன்னேன்."

கூரையில் ஒன்றுமில்லை. பழுப்பேறிய பலகை, இரண்டு டியூப்லைட், அவற்றில் ஒன்று எப்போதும் துடித்துக்கொண்டிருக்கும். ஜேஜு தீவின் தென்கரையில், மீன் சந்தைக்கு எதிரே, ஒரு மருந்துக்கடையின் மாடியில் அப்போது எங்கள் டயாலிசிஸ் நிலையம் இருந்தது. சிறுநீரகம் கெட்டவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து, நாலு மணி நேரம் அசையாமல் படுத்திருப்பார்கள். நான் அங்கே நர்ஸ். ஜன்னல்கள் இருந்தன. ஆனால் அவை நிற்பவர்களின் உயரத்துக்கு வைத்தவை. படுத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அதை எனக்குச் சொன்னதே இன்சில் அக்காதான். நான் அங்கே ஒன்பது வருடம் நின்றிருந்தவள்.

அக்கா கட்டடம் வரைபவர். அதுவரை வரைந்தது ஆரஞ்சுக் கிடங்குகள், இரண்டு விடுதி, துறைமுகத்தில் ஒரு கழிப்பறை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பிக்கு உப்பில்லாமல் சமைத்து, தானும் அதையே சாப்பிட்டார். எங்கள் டாக்டர் சொந்த இடம் வாங்கிக் கட்டப் போகிறார் என்று தெரிந்ததும், யாரும் கேட்காமலே படம் வரைந்துகொண்டு வந்து நின்றார். டாக்டருக்குப் படம் பிடித்திருந்தது.

அஸ்திவாரம் தோண்டினால் வந்ததெல்லாம் கறுப்பு எரிமலைக் கல். லாரியில் ஏற்றிக் கொட்டிவிடலாம் என்றார் மேஸ்திரி. "ஒரு கல்லும் வெளிய போகக் கூடாது" என்று அக்கா குறுக்கே நின்றார். அந்தக் கல்லிலேயே சுவர் எழுந்தது. தீவின் தோட்டத்து மதில்களைப் போலவே வெளிச்சுவரில் இடைவெளி விட்டு அடுக்கினார்கள். காற்று அதில் புகுந்து தணிந்து வந்தது. தெற்குப் பக்கம் தரையோடு தரையாக நீண்ட ஜன்னல். படுத்தபடி தலையைத் திருப்பினால் நேரே பக்கத்து ஆரஞ்சுத் தோட்டம், அதன் பின்னால் ஒரு கோடாகக் கடல். ஜன்னலுக்கு வெளியே முழங்கால் ஆழம்கூட இல்லாத ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் பட்ட வெயில் உள்ளே வந்து கூரையில் நெளியும்.

முதல் நாள் எல்லோரும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தோக்சு சொன்னான்: "அக்கா, சாப்பிடக் கூடாத பழத்தைக் கண்ணு முன்னாடி தொங்கவிட்டுட்டியே, இது என்ன பழிவாங்கல்?"

டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஆரஞ்சு ஆகாது. அறையே சிரித்தது.

அந்தத் தோட்டம், ஊருக்கே பெரியப்பாவான கிழவர் ஹியோனுடையது. "நான் சாகிறவரைக்கும் விற்கமாட்டேன்" என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். மூன்றாம் வருடம் அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மருந்தடிக்க, பழம் பறிக்க ஆளில்லை. விற்றுவிட்டார். விற்ற மறுநாள் ஊன்றுகோலோடு எங்களிடம் வந்தார், கையோடு ஒரு பெட்டி ஆரஞ்சு.

"கோவிச்சுக்காதீங்க. இதைச் சாப்பிடுங்க" என்று நோயாளிகள் நடுவில் வைத்தார்.  தோக்சுதான், "ரொம்ப நன்றி பெரியப்பா" என்றான். அவர் போன பிறகு நர்ஸுகள் நாங்கள் தின்றோம்.

அங்கே பத்து மாடி ஹோட்டல் வரப்போகிறது என்றார்கள். அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு, கட்டட அனுமதி கொடுக்கும் நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். எந்த மாதம் எந்த மணிக்கு நிழல் எதுவரை விழும் என்று பதினாறு தாளில் வரைந்திருந்தார். அதிகாரி இளம்பெண். ஒவ்வொரு தாளையும் பொறுமையாகப் பார்த்தாள்.

"வீட்டுப் பகுதின்னா வெயிலுக்குச் சட்டம் இருக்குங்க. இது வணிகப் பகுதி. உங்களுக்கே தெரியுமே மேடம்."

"தெரியும்."

"அப்புறம் நான் என்னங்க செய்ய முடியும்?"

அவள் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

ஹோட்டலை வரைந்தவரையும் அக்கா தேடிப்போனார். நாலு மீட்டர் தள்ளிக் கட்டினால் தொட்டிக்காவது வெயில் விழும் என்று கெஞ்சினார். "தள்ளினா இருபது அறை போயிடும். என்னை மாத்திட்டு வேற ஆளைப் போடுவாங்க, அவ்வளவுதான்" என்றாராம் அவர். காபி வாங்கிக் கொடுத்தாராம்.

திரும்பும் வழியில் பஸ் நிறுத்தத்தில் அக்கா சொன்னார்: "தப்பு என்மேலதான். வாங்காத இடத்தை நம்பிக் கட்டடம் கட்டினேன். அந்த மரமும் கடலும் எங்க படத்துல இருந்துச்சு, பத்திரத்துல இல்ல."

நான் என்னவோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை.

இரண்டு வருடத்தில் ஹோட்டல் எழுந்தது. ஐப்பசியிலிருந்து மாசி வரை எங்களுக்கு வெயிலே இல்லை. தொட்டி கறுப்பாகக் கிடந்தது. கறுப்புக் கல் இருட்டை இன்னும் கூட்டிக் காட்டியது. வெயில் இருந்தபோது அழகாகத் தெரிந்த அதே சுவரை, "கல்லறை மாதிரி இருக்கு" என்று ஓர் அம்மாள் சொன்னார். காலையில் மட்டும் கிழக்கு மூலையில் இருபது நிமிடம் வெளிச்சம் விழும், மூன்று கட்டில்மேல். அதற்குச் சண்டை. நான் முறை போட்டுப் பட்டியல் ஒட்டினேன். இரண்டே நாளில் யாரோ கிழித்துவிட்டார்கள்.

அக்கா கூரையைத் திறந்து மேலிருந்து வெளிச்சம் விட ஒரு படம் போட்டார். "சூறாவளியில ஒழுகினா, கீழ மெஷின் இருக்கும்மா, ஆள் இருக்கான்" என்றார் டாக்டர். அவர் சொன்னதிலும் தவறில்லை. எதிர்மதிலுக்கு வெள்ளையடித்துப் பார்த்தோம். மதில் வெளுத்துத் தெரிந்ததே தவிர உள்ளே வெளிச்சம் வரவில்லை.

கடைசியில் ஹோட்டல் ஜன்னல்களிலிருந்து விருந்தாளிகள் எங்கள் நோயாளிகளைப் பார்ப்பதாகப் புகார் வந்தது. திரை போட முடிவானது. ஆள் அனுப்புகிறேன் என்று சொன்ன அக்கா, தானே டேப்போடு வந்து தரையில் மண்டியிட்டு அளந்தார். தோக்சு குழாய்களோடு படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வருடம் அவன் மிகவும் இளைத்திருந்தான்.

"அக்கா, கனமான துணியாவே போடு."

"ஏன்டா? உள்ள இன்னும் இருட்டாயிடும்."

"இருட்டட்டும். திரை போட்டதால இருட்டுன்னு நினைச்சுக்கலாம்ல."

அக்கா டேப்பின் நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி என்னிடம் நீட்டினார். பிடித்துக்கொண்டேன். இரண்டு தடவை அளந்தும் எண்ணை எழுத மறந்துபோய், மூன்றாவது தடவை முதலிலிருந்து அளந்தார்.