நரம்பு ஓடிய வீடு

எங்கள் வீட்டைக் கட்டியவர் பேர் குலமெல்லாம் உனக்கு எதற்கு? சம்பந்தம் பேசவா போகிறாய்? சும்மா கேள்.

மண் சரிந்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகள் வெடித்த வருடம், யாழ்ப்பாணத்து மேசன் ஒருவர் வந்தார். கம்பியையும் கோழிவலையையும் வளைத்து, சிமெந்து பூசி, கவிழ்த்த சட்டி போல எங்களுக்கு ஒரு வீடு கட்டினார். தினமும் அதை விரலால் தட்டி, கம்பளிக் குல்லாயைத் தூக்கிக் காதை வைத்துக் கேட்பார்.

பூச்சின்மேல் ஈரச்சாக்கைப் போர்த்திவிட்டுச் சொன்னார்: "ஏழு நாளைக்கு ஈரச்சாக்கை எடுக்காதேங்கோ அம்மா."

மழை கறுத்துக்கொண்டு வந்தது. மகளுக்கு நிறைமாதம். இந்தப் பனியில் வீடு எப்போது காயும் என்று பயந்து, மூன்றாம் நாளே சாக்கை உருவிவிட்டு உள்ளே விறகை மூட்டினேன். சுவர் மயிரிழையாக வெடித்துவிட்டது.

மறுநாள் அவர் தட்டிக் கேட்டார். கரி படிந்த கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"சிமெந்து காயிறேல்லை அம்மா, இறுகிறது. அதுக்குத் தண்ணி வேணும்."

"ஏதோ பேய்தாங்க அடுப்பு மூட்டியிருக்கு."

"அந்தப் பேய்க்குக் குளிர் போல," என்றவர், வெடிப்பில் சிமெந்துப்பாலைத் தேய்த்து, மறுபடி சாக்கைப் போர்த்தினார்.

முதல் மழைக்கு அவரே உள்ளே போய் உட்கார்ந்தார். ஒரு சொட்டும் இறங்கவில்லை. ஏன் என்னைத் திட்டவில்லை என்பது இன்றுவரை விளங்கவில்லை.

சுவரில் என்ன கோடு என்று கேட்ட பக்கத்து லயத்துக்காரிகளிடம் சொன்னேன்: "அது வெடிப்பு இல்ல புள்ள, நரம்பு. நரம்பு இல்லாம எதுதான் நிக்கும்?"